செட்டிநாட்டு வீட்டில் இரண்டு இரவு: முதல்முறை தங்க வருபவர்களுக்கு

"செட்டிநாடு பார்க்க வர்றோம், எங்கே தங்கலாம்?" என்று கேட்டு மாதம் ஒரு போனாவது எனக்கு வந்துவிடும். காரைக்குடியில் வீடு இருப்பவர்கள் எல்லோருக்கும் இந்தப் போன் வரும். பெரும்பாலும் அவர்களே ஒரு திட்டத்தையும் போட்டு வைத்திருப்பார்கள். காலை ஏழு மணிக்குப் பிள்ளையார்பட்டி, அடுத்து குன்றக்குடி, ஆத்தங்குடி, கானாடுகாத்தான், திருமயம் கோட்டை, இரவு எட்டு மணிக்கு அறைக்குத் திரும்பித் தூக்கம், மறுநாள் காலை கிளம்பல். ஒரு பழைய நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டை மாற்றி அமைத்த அழகான விடுதியில் அறை எடுத்துவிட்டு, அந்த வீட்டைப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறைகூடப் பார்க்காமல் போனவர்களை எனக்குத் தெரியும். அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். வெளியே ஓடி ஓடிப் பார்ப்பதில் பாதி, தங்கியிருக்கும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

அதனால் அறை தேடுவதற்கு முன்பே இரண்டு விஷயங்களை முடிவு செய்துகொள்ளுங்கள். ஒன்று, இரண்டு இரவுகள். இரண்டு, அதில் ஒரு நாள் மதியம் முழுக்க வெளியே எங்கும் போவதில்லை. மற்றதெல்லாம் இதற்கு ஏற்ப அமையட்டும்.

ஊருக்குள்ளா, கிராமத்திலா?

செட்டிநாடு என்பது ஒரே ஊர் இல்லை. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியிருக்கும் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களின் தொகுப்பு. அதில் பெரியது காரைக்குடி. பேருந்து நிலையம், ரயில், கடைத்தெரு, மருந்துக்கடை, இரவு பத்து மணிக்கும் இட்லி கிடைக்கும் மெஸ் எல்லாம் இங்கேதான். வயதானவர்களோடு வருகிறவர்கள், சொந்தக் கார் இல்லாதவர்கள், இரவு ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் காரைக்குடியிலேயே தங்குவது நல்லது. செஞ்சைப் பகுதியில் உள்ள 'தி பங்களா' இந்த வகை விடுதிகளுக்கு முன்னோடி. வெளியூர்க்காரர்கள் சாப்பாட்டுக்காகவே தேடி வரும் இடம் அது. ஒரு காலத்தில் ஆண்கள் கூடிப் பொழுது போக்கிய இடமாக இருந்ததால், நடுவில் வளவு, அதாவது வானம் பார்த்த முற்றம், வைத்த வீட்டின் அமைப்பை அதில் எதிர்பார்க்க வேண்டாம்.

நாலு கட்டு, ஐந்து கட்டு என்று முற்றமும் அறைகளுமாக ஒன்றன்பின் ஒன்றாக நீளும் வீட்டுக்குள்ளேயே படுத்து எழ வேண்டும் என்றால் கிராமத்துப் பக்கம் போங்கள். காரைக்குடியிலிருந்து அரை மணி நேரத்துக்குள் கானாடுகாத்தான். அங்கே 'செட்டிநாடு மேன்ஷன்' இருக்கிறது. 'விசாலம்' இருக்கிறது. ஒரு தந்தை தன் மகளுக்காகக் கட்டிய வீடு அது. மற்ற வீடுகளைவிடப் பிந்திய காலத்தது, 1930களின் ஆர்ட் டெக்கோ பாணி அதில் தெரியும். கோத்தமங்கலத்தில் 'சாரதா விலாஸ்', பிரான்ஸ் நாட்டுக் கட்டடக்கலைஞர்கள் இருவர் பொறுமையாகப் பழுது பார்த்து எடுத்த வீடு. திருமயம் பக்கம் கடியாபட்டியில் 'சிதம்பர விலாஸ்'. இவற்றில் எதை எடுத்தாலும் இரவு ஏழு மணிக்கு மேல் தெரு அமைதியாகிவிடும். வெளியே போய்ச் சாப்பிடக் கடை இருக்காது. அந்த அமைதி வேண்டும் என்பவர்களுக்கு அதைவிடச் சுகம் வேறில்லை. ஒரு டீ குடிக்கவாவது வெளியே நடக்க வேண்டும் என்பவர்கள் காரைக்குடியையே எடுத்துக்கொள்ளுங்கள்.

போன் போட்டுக் கேட்க வேண்டியவை

இணையத்தில் பதிவு செய்வதாக இருந்தாலும் ஒருமுறை விடுதிக்கு நேரடியாகப் பேசிவிடுங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் என் அக்கா குடும்பத்துக்காக ஒரு விடுதியில் அறை எடுத்தேன். படங்களில் தேக்குத் தூண்களும் வளவும் அவ்வளவு அழகாக இருந்தன. போய்ச் சேர்ந்தால், எங்கள் அறை வீட்டுக்குப் பின்னால் புதிதாகக் கட்டிய சிமென்ட் கட்டடத்தில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர். பழைய வீட்டைச் சாப்பிடப் போகும்போது மட்டும்தான் பார்க்க முடிந்தது. அவர்கள் பொய் ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் கேட்கவில்லை. ஆகவே முதல் கேள்வி இதுதான்: "எங்களுக்குக் கொடுக்கப்போகும் அறை பழைய வீட்டுக்குள் இருக்கிறதா, புதுக் கட்டடத்திலா?"

அடுத்தது கீழா மேலா என்று கேளுங்கள். பெரும்பாலான வீடுகளில் லிஃப்ட் கிடையாது. மாடிப்படி குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும். மூட்டுவலி உள்ள அம்மா, அப்பா வருகிறார்கள் என்றால் கீழ்த்தள அறையை இப்போதே உறுதி செய்யுங்கள். கீழ் அறைகளில் ஒரு குறையும் உண்டு. வளவில் யார் பேசினாலும் உள்ளே கேட்கும். சீக்கிரம் தூங்குகிறவர்களுக்கு மாடி அறைதான் சரிப்படும்.

குளியலறை பற்றியும் கேட்க வேண்டும். இந்த வீடுகள் கட்டப்பட்ட காலத்தில் அறையோடு ஒட்டிய குளியலறை என்ற பழக்கமே இல்லை. இப்போது இருப்பதெல்லாம் பின்னால் சேர்த்தது. சில இடங்களில் பக்கத்து அறையையே குளியலறையாக்கி விசாலமாகச் செய்திருப்பார்கள். சில இடங்களில் ஒரு மூலையைத் தடுத்திருப்பார்கள். வெந்நீர் எந்நேரமும் வருமா, குளியலறைக் கதவு கட்டிலை ஒட்டி இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வரும் தேதியில் கல்யாணமோ படப்பிடிப்போ இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். நகரத்தார் எந்த நாட்டில் இருந்தாலும் வீட்டு விசேஷத்துக்கு ஊருக்கு வருவார்கள். முகூர்த்த நாட்களில் விடுதிகளில் இடமே இருக்காது. இருந்தாலும் சந்தடியாக இருக்கும். இந்தப் பக்க வீடுகளில் சினிமாப் படப்பிடிப்பும் அடிக்கடி நடக்கும். விநாயகர் சதுர்த்தியை ஒட்டிப் பிள்ளையார்பட்டிக்கும், பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடிக்கும் வரும் கூட்டமும் அறைகளை நிரப்பிவிடும்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. சொல்லும் வாடகை காலை உணவோடு சேர்த்தா, வரி சேர்த்தா என்று கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18 சதவீதம். 7,400 ரூபாய் அறைக்கும் 7,800 ரூபாய் அறைக்கும் வாடகையில் 400 ரூபாய்தான் வித்தியாசம். வரியோடு பார்த்தால் ஒன்று 7,770, இன்னொன்று 9,204. எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அறைகளில் இதைக் கவனித்துத் தேர்ந்தெடுங்கள்.

எப்போது வருவது, எப்படி வருவது

கார்த்திகையிலிருந்து மாசி வரை நல்ல காலம். சித்திரை, வைகாசியில் வெயில் கடுமை. தடித்த சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் வீட்டுக்குள் குளிர்ச்சி தரும் என்றாலும் தெருவில் நடக்க முடியாது. என் விருப்பத்தைக் கேட்டால் ஐப்பசி அடைமழை என்று சொல்வேன். நாலு பக்கக் கூரையிலிருந்தும் மழை வளவுக்குள் இறங்கும்போது வளவைச் சுற்றியுள்ள தாழ்வாரமான பத்தியில் உட்கார்ந்து பாருங்கள். தண்ணீர் குறைந்த வறண்ட பூமியில் கட்டிய வீடுகள் இவை. கூரையில் விழும் மழை வீணாகாமல் முற்றத்துக்கு வந்து சேருவதற்கென்றே ஓட்டுச் சரிவை உள்பக்கம் இறக்கியிருக்கிறார்கள். ஊருக்குள் பெய்யும் மழை ஊருணிக்குப் போய்ச் சேரவும் கால்வாய் வைத்திருக்கிறார்கள்.

விமானத்தில் வருகிறவர்களுக்கு மதுரை, திருச்சி இரண்டுமே ஏறக்குறைய ஒரே தூரம்தான். காரில் இரண்டு மணி நேரம் ஆகும். சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் மதியத்துக்கு மேல் கிளம்பி இரவில் காரைக்குடிக்கு வரும். ராமேஸ்வரம் போகும் இரவு ரயில்களில் வந்தால் விடிவதற்கு முன்பே இங்கே இறங்க வேண்டியிருக்கும். எதில் வந்தாலும் நேரத்தை விடுதிக்கு முன்கூட்டிச் சொல்லுங்கள். கிராமத்து விடுதிகளில் இரவு வெளிக்கதவைச் சாத்திவிடுவார்கள், காவலர் மட்டும்தான் இருப்பார். அந்த நேரத்தில் ஸ்டேஷனில் கார் கிடைக்கும் என்றும் நம்பி வராதீர்கள், அவர்களையே ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். செட்டிநாடு என்ற பெயரிலேயே கானாடுகாத்தானில் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. ஆனால் எல்லா ரயிலும் அங்கே நிற்காது.

அறை கொடுக்கும் நேரம் பெரும்பாலும் மதியம் 12 மணிக்கு மேல்தான். விடியற்காலை வருகிறவர்கள் முந்திய இரவுக்கும் சேர்த்து எடுப்பதா, பெட்டியை வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய் வருவதா என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆதார், ஓட்டுநர் உரிமம் போன்ற ஏதாவது ஓர் அடையாள அட்டை எல்லோரும் வைத்திருக்க வேண்டும். மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வரும் உறவினர்கள் பாஸ்போர்ட்டும் விசாவும் கையில் வைத்திருக்கட்டும். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களின் விவரத்தை விடுதி 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம்.

உள்ளே நுழைந்ததும்

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போங்கள், அல்லது விடுதியில் வேலை செய்யும் அண்ணன்மாரிடம் கொடுத்துவிடுங்கள். சக்கரப் பெட்டியை உருட்டிக்கொண்டு போக வேண்டாம். காலுக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் ஆத்தங்குடிக் கல். அது சூளையில் சுட்ட ஓடு இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சு வைத்து, வண்ணச் சிமென்ட் கரைசலை ஊற்றி, மேலே சிமென்டும் மணலும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. கண்ணாடியைப் பிரித்தெடுக்கும்போது அந்த வழவழப்பு தானாக வந்துவிடும். நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும். புளியும் எலுமிச்சையும் பட்டால் கறை பிடிக்கும். கீழே உட்கார்ந்து சாப்பிடும்போது சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள்.

நிலைகளில் குனிந்து போகப் பழகுங்கள். வாசல் நிலைக்கதவு பிரம்மாண்டமாக இருக்கும், உள் அறைகளின் நிலையோ தாழ்வாக இருக்கும். படியும் உயரமாக இருக்கும். குழந்தைகள் ஓடும்போது கவனம்.

அறை நீங்கள் நினைத்ததைவிடச் சின்னதாகவும் இருட்டாகவும் இருக்கலாம். ஏமாற வேண்டாம், அதற்குக் காரணம் இருக்கிறது. வளவைச் சுற்றியுள்ள அறை ஒவ்வொன்றையும் இங்கே 'வீடு' என்றே சொல்வார்கள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு 'வீடு'. சீர் சாமான்கள், பாத்திரங்கள், நகை எல்லாம் அதற்குள் பத்திரமாக இருக்கும். பகல் வாழ்க்கை முழுக்க வெளியே பத்தியிலும் வளவிலும்தான். அதனால்தான் வெளிச்சமும் காற்றும் எல்லாம் நடுவில் கிடைக்க, அறைகள் அடக்கமாக நிற்கின்றன. தூங்கவும் உடை மாற்றவும் மட்டும் அறைக்குப் போங்கள். மற்ற நேரத்துக்கு முன்னோர் இருந்தது போலவே வெளியே இருங்கள்.

அந்த மதியம்

இதற்காகத்தான் இவ்வளவு சொன்னேன். மதியச் சாப்பாடு முடிந்து மற்ற விருந்தினர்கள் ஊர் சுற்றப் போயிருப்பார்கள். வீடு உங்களுக்கே உங்களுக்கு. விடுதிக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு முன்வாசலிலிருந்து தொடங்குங்கள். முகப்புத் திண்ணையில் உட்காருங்கள். ஆண்கள் கணக்கு வழக்குப் பார்த்த இடம் அது. தூண்களைத் தொட்டுப் பாருங்கள். கப்பலில் வந்த பர்மாத் தேக்கு. சுவரில் கை வையுங்கள். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்துப் பூசி இழைத்த சுவர், கோடையிலும் குளிர்ந்திருக்கும். இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஜப்பானியப் பூக்கல் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கும். பர்மா, இலங்கை, மலாயா என்று போய் வட்டித் தொழில் செய்து சம்பாதித்ததைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி ஏறக்குறைய நூறு ஆண்டுகள் இப்படிக் கொண்டுவந்து ஊரில் கொட்டியிருக்கிறார்கள். 1942இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததும் அந்த வரத்து நின்றது. பல வீடுகள் பூட்டிக் கிடந்ததற்கும், சில இடிந்து தூண் தூணாக விற்கப்பட்டதற்கும், இன்னும் சில இப்படி விடுதியாகிப் பிழைத்ததற்கும் தொடக்கம் அங்கேதான்.

அப்புறம் வளவுக்கு வாருங்கள். வெயில் ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு நகர்வதைப் பார்த்துக்கொண்டே உட்காரலாம். நேர்க்கோட்டில் பின்னால் பாருங்கள். வாசல் நிலையிலிருந்து பின்கட்டுக் கதவு வரை ஒரே பார்வையில் தெரியும். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். இரண்டாம் கட்டு சாப்பாட்டுக்கு, அதற்கும் பின்னால் அடுப்படி. அங்கே ஆட்டுக்கல், உரல், அம்மி எல்லாம் வரிசையாக இருக்கும். சமையல் செய்யும் ஆச்சி இருந்தால் வணக்கம் சொல்லிப் பேச்சுக் கொடுங்கள். "ஆச்சி, இந்தக் குழம்புக்கு என்ன அரைச்சீங்க?" என்று கேட்டால் போதும், அரை மணி நேரம் எப்படிப் போகும் என்றே தெரியாது. எனக்குத் தெரிந்து இங்கே வந்து போனவர்கள் வருடக்கணக்காக நினைவு வைத்திருப்பது இந்தப் பேச்சுகளைத்தான்.

சாப்பாடு

இங்கே ஓட்டல் மாதிரி மெனு கார்டைப் பார்த்து நினைத்த நேரத்தில் கேட்க முடியாது. தலையை எண்ணிச் சமைப்பார்கள். மதியம் சாப்பிடுவதாக இருந்தால் முந்திய நாள் இரவோ, மிஞ்சிப் போனால் காலை உணவின் போதோ சொல்லிவிடுங்கள். சைவமா அசைவமா என்பதையும் அப்போதே சொல்லுங்கள்.

செட்டிநாட்டுச் சமையல் என்றால் வாயை எரிக்கும் காரம் என்ற நினைப்போடு வராதீர்கள். கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ, சோம்பு, மிளகு என்று வாசனைதான் முன்னால் நிற்கும். காலையில் வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும் கேளுங்கள். மதியம் வாழை இலையில் உப்புக்கறி, மிளகுக் கோழி, நண்டு வந்தால் அவசரப்படாமல் சாப்பிடுங்கள். சைவக்காரர்கள் அரிசி கழுவிய தண்ணீரில் புளி கரைத்துச் செய்யும் மண்டியைக் கேட்டு வாங்குங்கள், வெண்டைக்காய் மண்டி கிடைத்தால் அதிர்ஷ்டம். இனிப்புக்குக் கவுனி அரிசி. கறுப்பாக இருக்கிறதே என்று குழந்தைகள் தயங்கினால் ஒரு கரண்டி கொடுத்துப் பாருங்கள். இரவு அவ்வளவு பசி இருக்காது, இடியாப்பமோ தோசையோ போதும் என்று சொல்லிவிடலாம்.

வெளியே போவது

ஒரு நாளைக்கு மூன்று இடம், அதற்கு மேல் வேண்டாம். பிள்ளையார்பட்டிக்குக் காலை சீக்கிரம் போனால் கூட்டம் குறைவு. ஆத்தங்குடியில் கல் அச்சடிக்கும் பட்டறையையும், கட்டணம் வாங்கிக்கொண்டு திறந்துவிடும் பெரிய வீட்டையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். கானாடுகாத்தானில் செட்டிநாட்டு அரண்மனையை வெளியிலிருந்து பார்ப்பதற்கே பெரும்பாலும் வாய்க்கும். அதற்காக வருந்தாமல் அந்தத் தெருக்களில் மாலை ஐந்து மணிக்கு மேல் நடங்கள். விடுதியில் சைக்கிள் இருந்தால் இன்னும் நல்லது. பூட்டிய வீடுகளின் முகப்பில் கஜலட்சுமியும் சிப்பாய்களும் விக்டோரியா ராணி மாதிரி பொம்மைகளும் சுதையில் நிற்கும். உள்ளே ஆள் இருக்கும் வீடாக இருந்தால் கேட்காமல் நுழையவோ படம் எடுக்கவோ வேண்டாம். இது ஒரு குடும்பத்தின் வீடு, பல பங்காளிகளுக்குச் சொந்தமானது. சிலர் அன்பாகக் கூப்பிட்டுக் காட்டுவார்கள், சிலருக்குப் பிடிக்காது. இரண்டையும் மதிக்க வேண்டும்.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எனாமல் பாத்திரம், பித்தளைச் சாமான், கண்ணாடிப் படம், பழைய நிலை என்று எல்லாம் கிடைக்கும். வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் மட்டும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொல்பொருட்களை நாட்டுக்கு வெளியே எடுத்துச் செல்லக் கூடாது. அதற்குப் பதிலாகப் பனையோலையில் முடைந்த கொட்டான் கூடையோ கண்டாங்கிச் சேலையோ வாங்குங்கள். இரண்டுமே புவிசார் குறியீடு பெற்றவை, இன்றும் கையால் செய்பவர்களுக்குப் பணம் நேராகப் போய்ச் சேரும்.

கிளம்பும் நாள்

முந்திய இரவே பில்லைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கார் வாடகை, கூடுதல் சாப்பாடு எல்லாம் அதில் சரியாக இருக்கிறதா என்று உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கலாம். காலையில் அவசரத்தில் கேட்டால் இரு தரப்புக்கும் சங்கடம். சின்ன ஊர்களில் சில நேரம் கார்டு இயந்திரமும் போன் சிக்னலும் மக்கர் பண்ணும், கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள். வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் அதே ஊர் அண்ணன்மார், அக்காமார். எல்லோருக்குமாகப் பொதுப்பெட்டி இருந்தால் அதில் போடுங்கள், அடுப்படியில் இருப்பவர்களுக்கும் பங்கு போகும்.

சென்னை போகும் பல்லவன் காரைக்குடியிலிருந்து விடியற்காலையில் கிளம்பிவிடும். அந்த நேரத்தில் யாரையும் எழுப்பிக் காப்பி கேட்க வேண்டியிராமல், இட்லிப் பொட்டலமும் பிளாஸ்க்கில் காப்பியும் வைக்கும்படி முந்திய நாளே சொல்லிவிடுங்கள். தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை எல்லாம் காரைக்குடிப் பலகாரக் கடைகளில் கிலோக் கணக்கில் கிடைக்கும். பிளாஸ்டிக் பையில் வாங்கினால் ரயிலில் நொறுங்கிவிடும், தகர டின்னில் போட்டுத் தரச் சொல்லுங்கள்.